கூப்பிடாமல் வைத்த சோறு

தப்பு முதல் நாளே நடந்துவிட்டது. அந்தக் குஞ்சுக்கு வாய் திறக்கத் தெரியவில்லை, உஷாராணிக்கு ஊட்டத் தெரியவில்லை. துணியில் நூல் பிசிறு பிடுங்கும் இடுக்கியில் அவித்த முட்டைத் துண்டு ஒன்றை வைத்துக்கொண்டு அரை மணி நேரம் அதன் முன்னால் ஆட்டிப் பார்த்தாள். அது பிஸ்கட் டின்னின் மூலையில் ஒண்டிக் கண்ணை மூடிக்கொண்டது. கடைசியில் வேறு வழி தெரியாமல், மதிலில் சோறு வைத்துவிட்டு நம் ஆட்கள் எல்லோரும் கூப்பிடுவது போலவே, "கா... கா... கா..." என்றாள். சட்டென்று வாய் பிளந்தது. முட்டையை உள்ளே போட்டாள்.

அன்றிலிருந்து அந்தச் சத்தத்துக்கு அந்தக் காக்கை வந்தது. அவள் கூப்பிட்டாலும் வந்தது, ஊரில் யார் கூப்பிட்டாலும் வந்தது.

குஞ்சைக் கொண்டுவந்து கொடுத்தவன் பக்கத்து வீட்டுச் சத்தியசீலன். கோலசிலாங்கூரில் நகராண்மைக் கழகத்துக்குக் குத்தகைக்கு லோரி ஓட்டுகிறவன். இரண்டு மூன்று மாதத்துக்கு ஒருமுறை துப்பாக்கிக்காரர்கள் வந்து காக்கை சுடுவார்கள். விழுந்ததைப் பொறுக்கி லோரியில் ஏற்றுவது அவன் வேலை. மார்ச் மாதத்தில் ஒரு நாள் மீன் பாசார் பக்கம் சுட்டுவிட்டுப் போன பிறகு, மோட்டார் ஹெல்மெட்டைக் கவிழ்க்காமல் இரண்டு கையிலும் ஏந்திக்கொண்டு வந்து நின்றான்.

"அக்கா, இதோட தாயும் போச்சு, தகப்பனும் போச்சு. கூட்டையும் கலைச்சிடச் சொல்லிட்டாங்க. நான் இத எப்படிக்கா மிதிக்கிறது? ரெண்டு நாளைக்கு வச்சிருங்க லா."

"காக்காவையா? வீட்டுக்குள்ளயா?"

"இது அண்டங்காக்காக்கா. அவங்க சுட வந்தது கழுத்துல சாம்பல் பூசின காக்காவ. அது அந்தக் காலத்துல கப்பல்ல வந்ததாம், ஊரெல்லாம் பெருகிப்போச்சாம். இது இங்கேயே உள்ள சாதி. இதுமேல யாருக்கும் கோபம் இல்ல. ஆனா வானத்தப் பாத்துச் சுடுறப்போ எவனுக்கு லா கழுத்து தெரியுது?"

கப்பலில் வந்ததைத்தான் சுடுகிறார்கள் என்று அவன் சொன்னது உஷாராணிக்கு ஒரு மாதிரியாக இருந்தது. அவள் பாட்டனும் கப்பலில்தான் வந்து தோட்டத்து லயத்தில் இறங்கியவர். அதை அவனிடம் சொல்லவில்லை. ஹெல்மெட்டுக்குள் எட்டிப் பார்த்தாள். பாதி முளைத்த இறகு, பெரிய தலை, இடது காலில் நடுவிரல் மட்டும் வெளிப்பக்கமாகக் கோணியிருந்தது.

காக்கை விஷயத்தில் நம் ஆட்கள் ஒரு நிலையில் இருப்பதில்லை. அமாவாசை வந்தால் மதிலோரம் நின்று தொண்டை வற்றக் கூப்பிடுவார்கள். வராவிட்டால் முகம் வாடிப்போகும். மறுநாள் அதே காக்கை அதே மதிலில் வந்து உட்கார்ந்தால் துடைப்பத்தைத் தேடுவார்கள். தலையில் தட்டினால் சனி, வீட்டுக்குள் வந்தால் சாவு, அடுப்படி ஜன்னலில் கத்தினால் விருந்தாளி. இன்றைக்குத் தான் தாத்தாவா, திருடனா என்று அந்தப் பறவைக்கு எப்படித் தெரியும்? உஷாராணியும் அப்படி இருந்தவள்தான். கணவனின் பதினாறாம் நாள் காரியம் வரைக்கும்.

ஐயாவு செம்பனைக் குலை ஏற்றும் லோரி ஓட்டியவர். போன வருஷம் ஆடியில் ஒரு நாள், தோட்டத்து மண் சாலையில் லோரியை ஓரமாக நிறுத்திவிட்டு ஸ்டீரிங்கிலேயே சாய்ந்துவிட்டார். அன்று காலை கிளினிக்குக்குப் போகச் சொல்லி அவள் நச்சரித்தாள். அவள் சுட்ட தோசையைத் தொடாமல் அவர் கோபத்தில் எழுந்து போனார். இது அவளுக்கு மட்டும்தான் தெரியும்.

பதினாறாம் நாள் சோறு வைத்தபோது ஒரு காக்கை கூட வரவில்லை. வருவதற்கு இருந்தால்தானே? அதற்கு முந்தின வாரம்தான் அந்தத் தாமான் குடியிருப்பு முழுக்கச் சுட்டுத் தீர்த்திருந்தார்கள். பதினொரு மணியிலிருந்து மூன்று மணி வரை எல்லோரும் வெறும் வயிற்றோடு வெயிலில் நின்றார்கள். ஐயாவுவின் அக்கா இராஜம்மா கூப்பிட்டுக் கூப்பிட்டுக் குரல் கம்மிப்போனாள். கடைசியில் சோற்றைக் கொண்டுபோய் ஆற்றில் விட்டார்கள்.

"என் தம்பி பசியோட போறான்," என்று அன்று இராஜம்மா அழுதாள். அதன்பிறகு சுங்கை ஆயர் தாவாரிலிருந்து போன் செய்யும்போதெல்லாம் அதையே சொன்னாள். அவள் குத்திக்காட்டச் சொல்லவில்லை, துக்கத்தில் சொன்னாள். ஆனால் தொடாமல் விட்ட தோசையின் நினைப்பு இருந்ததால் உஷாராணிக்கு அது குத்தியது. இந்த வருஷத் திதிக்காவது காக்கை சோறு எடுக்க வேண்டும். இதைத் தவிர அவளுக்கு வேறு வேண்டுதலே இல்லை.

ரெண்டு நாள் என்று வாங்கி வைத்த குஞ்சு நான்கு மாதம் இருந்துவிட்டது. உஷாராணி வீட்டிலேயே பள்ளிக்கூடச் சீருடை தைப்பவள். தையல் மெஷின் பக்கத்தில் டின்னை வைத்துக்கொண்டு, காலர் ஒன்று முடிந்தால் ஒரு வாய், கைப்பட்டை ஒன்று முடிந்தால் ஒரு வாய் என்று ஊட்டினாள். முட்டை, ஊறவைத்த நாய் பிஸ்கட், அப்புறம் நெத்திலி. இறகு முளைத்ததும் அது டின்னை விட்டு மெஷின் மேல் ஏறியது. சட்டைப் பொத்தான்களைத் திருடியது. வாசலோரம் ஐயாவு வேலைக்குக் காலில் மாட்டும் சப்பாத்து ஒன்று தூக்கிப்போட மனம் வராமல் கிடந்தது. திருடிய பொத்தானையெல்லாம் அதற்குள் கொண்டுபோய்ப் போட்டது. அவள் அதற்குப் பேர் வைக்கவில்லை. "டேய்" என்றுதான் கூப்பிட்டாள். ஐயாவு போன பிறகு அந்த வீட்டில் அவள் வாய்விட்டுப் பேசியது அதனிடம்தான். திட்டினாலும் அது கழுத்தைச் சாய்த்து முழுவதையும் கேட்கும்.

"சனியன வீட்டுக்குள்ள வச்சு வளக்கிறியா உஷா?" என்று முதலில் சத்தம் போட்டவள் இராஜம்மா. சப்பாத்துக் கதையைக் கேட்டதும் போனில் விசும்பல் கேட்டது. "அவன்தாண்டி அது. வேற யாரு?" என்றாள். அடுத்த வாரமே பஸ் பிடித்து வந்து அதற்கு வடை ஊட்டிவிட்டுப் போனாள். உஷாராணியின் மகன் கோகிலன், ராவாங்கில் ஒரு தொழிற்சாலையில் வேலை, புக்கிட் பெருந்துங்கில் வீடு. இதையெல்லாம் நம்பாதவன். அவனும் ஒரு ஞாயிற்றுக்கிழமை அது தன் தோளில் வந்து உட்கார்ந்தபோது அசையாமல் நின்றான்.

உஷாராணி மட்டும் அது ஐயாவு என்று சொல்லவில்லை. இல்லை என்றும் சொல்லவில்லை. அது நெத்திலியை விழுங்கும்போது அவளுக்கு நெஞ்சுக்குள் எதுவோ ஆறியது, அவ்வளவுதான்.

பாஜு குரோங் தைக்கக் கொடுக்க வந்த ஒரு மலாய்ப் பெண்தான் முதலில் பயமுறுத்தியவள். அவள் இயற்கைப் பூங்காவில் வேலை செய்கிறவள். மெஷின் மேல் உட்கார்ந்திருந்த காக்கையைப் பார்த்துச் சிரிக்கவில்லை. இது அலையாத்திக் காட்டுப் பறவை, இதற்கு மனிதரிடம் பயமே இல்லையென்றால் நாளைக்கு மனிதர்தான் இதைக் கொல்வார்கள் என்றாள். பயம் கற்றுக்கொடுக்க வேண்டும். வளர்த்தவள்தான் அதைக் கற்றுக்கொடுக்க முடியும். ஒரு முறை நன்றாகப் பயந்தால் போதும், காக்கை தனக்குத் தீங்கு செய்த முகத்தை வருஷக்கணக்கில் மறக்காது.

"என் முகத்தையா?" என்று உஷாராணி கேட்டாள்.

அந்தப் பெண் துணியை மடித்துக் கொடுத்தாள்.

அவள் சொன்னது பொய்யில்லை என்று சீக்கிரமே தெரிந்தது. முனையிலிருந்த சீனர் கோப்பிக் கடையில் காக்கை யாரோ ஒருவரின் தட்டுப் பக்கத்தில் போய் இறங்கியது. கடைக்காரப் பையன் துடைப்பத்தால் விளாசினான். வாலில் இரண்டு இறகில்லாமல் வந்தது. மறுநாள் அடுத்த லோரோங் சந்தில் யாரோ தங்கள் திதிக்கு "கா கா" என்றதும் அங்கே ஓடியது. ஒரு நாள் கோழிக் கூண்டில் போட்டுப் பூட்டினாள். கம்பியில் மோதி மோதி மூக்கில் ரத்தம் வந்ததும் அழுதுகொண்டே திறந்துவிட்டாள். திதி முடியட்டும் என்று தனக்குள் சொல்லிக்கொண்டாள். திதியன்று அது சோறு எடுக்கட்டும். அதன் பிறகு பயமுறுத்திக்கொள்ளலாம்.

திதி அந்த வருஷம் ஞாயிற்றுக்கிழமையில் வந்தது. புதன்கிழமை சாயங்காலம் சத்தியசீலன் வேலி அருகே வந்து தயங்கி நின்றான்.

"அக்கா, ஞாயித்துக்கிழமை சுடுறாங்க. முதல்ல மீன் பாசாரு. பத்து பத்தரைக்கெல்லாம் நம்ம லோரோங்குக்கு வந்துருவாங்க."

"அன்னைக்கா? அன்னைக்கு உங்க அண்ணனோட திதி, சீலா."

"தெரியும்க்கா. நான் சொன்னா கேப்பாங்களா? நான் பொறுக்குறவன்." குரலைத் தாழ்த்திச் சொன்னான். "போன தடவை கூப்பிட்டா வருதான்னு துப்பாக்கிக்காரரு ஒருத்தரு ரொட்டிய விட்டெறிஞ்சு பாத்தாரு. மத்ததெல்லாம் பறந்துருச்சு. ஒன்னு வந்துச்சு. நம்மாளு இல்ல, வேற ஏதோ. ஆனா அந்த மாதிரி வந்தா..."

உஷாராணி கணக்குப் போட்டாள். ஒன்பது மணிக்கெல்லாம் படையலை முடித்துவிடலாம். அது சோறு எடுத்ததும் பிடித்துக் குளியலறைக்குள் விட்டு, அவர்கள் போகும் வரை கூடவே உட்கார்ந்துகொள்ளலாம்.

ஆனால் நம் வீடுகளில் எந்தப் படையல் சொன்ன நேரத்துக்கு முடிந்திருக்கிறது? இராஜம்மா வந்த பஸ் தாமதம். வாழையிலை கிழிந்திருக்கிறதென்று கோகிலன் வேறு இலைக்கு ஓடினான். பாயசத்துக்கு வெல்லம் போதவில்லை. ஐயாவுவின் படத்துக்குமுன் வாழைக்காய், புடலங்காய், வடை, அவருக்குப் பிடித்த கறுப்புக் கோப்பி எல்லாம் வைத்துக் கற்பூரம் காட்டும்போது மணி பத்தைத் தாண்டிவிட்டது. கோகிலன் எல்லாவற்றிலும் கொஞ்சம் எடுத்து இலையில் பிசைந்து, மதிலில் கொண்டுபோய் வைத்தான். காலையிலிருந்து யாரும் பச்சைத் தண்ணீர் குடிக்கவில்லை.

"கா... கா... கா..." இராஜம்மா ஆரம்பித்தாள்.

மின்கம்பியில் நான்கைந்து சாம்பல் கழுத்துக் காக்கைகள் உட்கார்ந்திருந்தன. எதிர்வீட்டு ரம்புத்தான் மரத்தில் அது இருந்தது. உஷாராணி அதைப் பார்த்துவிட்டாள். அந்த நேரம் மீன் பாசார் பக்கமிருந்து முதல் வெடிச் சத்தம் கேட்டது. இரண்டாவது சத்தம் இன்னும் கிட்டத்தில். கம்பியிலிருந்த காக்கைகள் ஒரே மூச்சில் கிளம்பிப் போய்விட்டன. அது மட்டும் போகவில்லை. சத்தம் வந்த பக்கம் ஒருமுறை கழுத்தைத் திருப்பிப் பார்த்தது. பிறகு இறக்கையை விரித்து, நேராக மதிலுக்கு வந்து இறங்கியது.

"வந்துட்டான்," என்று இராஜம்மா கைகூப்பினாள். "எத்தனை காக்கா இருந்துச்சு, எல்லாம் ஓடிருச்சு, என் தம்பி மட்டும் வந்துட்டான் பாரு உஷா."

உஷாராணி அதைத்தான் பார்த்துக்கொண்டிருந்தாள். எல்லாம் ஓடிவிட்டன, இது மட்டும் வந்திருக்கிறது. இந்த ஊரில் துப்பாக்கிச் சத்தம் கேட்டும் கூப்பிட்ட குரலுக்கு வருகிற ஒரே காக்கை இதுதான். இன்றைக்குப் பிடித்துக் குளியலறையில் வைக்கலாம். அடுத்த முறை சத்தியசீலன் முன்கூட்டிச் சொன்னாலும் அது எங்கே இருக்கும் என்று யார் கண்டது? இந்த இலையில் ஒரு வாய் எடுத்துவிட்டால், இந்தச் சத்தத்துக்கு அது சாகும்வரை வரும். அந்தச் சாவும் சீக்கிரம் வரும்.

அது கோணல் விரலை இலையின் ஓரத்தில் ஊன்றி, சோற்றைப் பார்த்துக் குனிந்தது. லோரோங்கின் முனையில் சத்தியசீலனின் லோரி திரும்பியது. அதன் முன்னால் சட்டைக்கு மேல் பச்சை அங்கி போட்ட இரண்டு பேர் துப்பாக்கியோடு நடந்து வந்தார்கள்.

வாசலில் கிடந்த சிலிப்பரை எடுத்து உஷாராணி வீசினாள்.

சிலிப்பர் இலையில் விழுந்து சோறு சிதறியது. காக்கை துள்ளி மதிலின் மறுமுனைக்குப் போனது. பறக்கவில்லை. கழுத்தைச் சாய்த்து அவளைப் பார்த்தது. பொத்தானைத் திருடினதற்குத் திட்டும்போது பார்க்கும் அதே பார்வை. பிறகு நடந்து நடந்து மறுபடியும் இலைக்கு வந்தது.

"அம்மா! என்னம்மா பண்றீங்க? ஒரு வாய் சாப்பிட விடுங்கம்மா!" கோகிலன் அவள் கையைப் பிடித்தான். அவள் உதறிவிட்டு இன்னொரு சிலிப்பரை எடுத்தாள்.

"போடா! போ! போய்த் தொலை! வராத இங்க!"

இந்த முறை பட்டது. இறக்கை மூட்டில் பட்டு, அது அதுவரை யாரும் கேட்டிராத ஒரு குரலில் கத்தியது. மதிலை விட்டு எழுந்து, கூரைக்கு மேலே ஒருமுறை தடுமாறி, அலையாத்திக் காட்டின் பக்கமாகப் பறந்தது. அவள் தெருவுக்கு ஓடி வந்து, கண்ணில் மறைகிற வரைக்கும் கையை வீசிக் கத்திக்கொண்டே இருந்தாள். பச்சை அங்கி போட்டவர்கள் இந்தப் பெண்ணுக்கு என்ன வந்தது என்று பார்த்தபடி கடந்து போனார்கள்.

திரும்பி வந்தபோது இராஜம்மா மதிலருகே தரையில் உட்கார்ந்திருந்தாள். சோற்றில் கிடந்த சிலிப்பரைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"கட்டுனவனச் செருப்பால அடிச்சுட்டியே உஷா. ஒரு வருஷமாப் பசியோட இருந்தவன, வாய்க்கிட்ட வந்த சோத்தத் தட்டிவிட்டு அடிச்சுட்டியே."

உஷாராணி குனிந்து சிலிப்பரை எடுத்தாள். சொல்வதற்கு அவளிடம் எல்லாம் இருந்தது. துப்பாக்கி, பூங்காப் பெண், கூண்டு, ரத்தம். ஆனால் அவள் நெஞ்சில் நின்றது ஒன்றுதான். இரண்டாவது முறையும் அவரைச் சாப்பிடாமல் அனுப்பிவிட்டேன். சமைத்ததில் ஒரு பருக்கை தொடாமல் இராஜம்மா அடுத்த பஸ்ஸுக்குப் போனாள். கோகிலன் அவளை ஏற்றிவிடப் போனவன் அப்படியே தன் வீட்டுக்குப் போய்விட்டான்.

சாயங்காலம் சத்தியசீலனின் லோரி வாசலில் நின்றது. சுட்டதைப் பார்க்க வேண்டும் என்று அவளே போய்க் கேட்டாள். அவன் வேண்டாமென்று சொல்லிப் பார்த்துவிட்டுத் தார்ப்பாயை விலக்கினான். எல்லாம் சாம்பல் கழுத்து. நடுவில் இரண்டு முழுக் கறுப்பு. இரண்டின் இடது காலையும் எடுத்து விரல்களைப் பிரித்துப் பார்த்தாள். நேராக இருந்தன. கையைக் கழுவிக்கொண்டு போய் ஐயாவுவின் படத்தின்முன் ஆறிக் கிடந்த கோப்பியை எடுத்துக் கொட்டினாள். அன்றிரவு அவளும் சாப்பிடவில்லை.

நான்கு நாள் கழித்து அதைப் பார்த்தாள். துணி காயப்போடப் பின்வாசலுக்குப் போனபோது தென்னை மட்டையில் ஒரு பெரிய கறுப்புக் காக்கை, வாலில் இரண்டு இறகில்லாமல், உட்கார்ந்திருந்தது. அவளைக் கண்டதும் கத்தத் தொடங்கியது. கூப்பிடுகிற குரல் இல்லை, எச்சரிக்கிற குரல். அந்தக் குரலைக் கேட்டு எங்கிருந்தோ இன்னும் இரண்டு அண்டங்காக்கைகள் வந்து சேர்ந்துகொண்டன. மூன்றும் அவள் தலைக்கு மேலே சுற்றிச் சுற்றிக் கத்தின. அவள் ஈரத் துணியை முகத்தில் வைத்துக்கொண்டு உள்ளே ஓடினாள். கதவைச் சாத்தியதும் சந்தோஷம் வந்தது. சந்தோஷத்தோடு அழுகையும் வந்தது, நிறுத்தவே முடியவில்லை. நூல் இடுக்கியில் ஊட்டிய முகத்தை அது மறந்துவிட்டது. சிலிப்பர் எறிந்த முகத்தை மறக்கவில்லை. பூங்காப் பெண் சொன்னபடியே நடந்துவிட்டது.

ஆடி அமாவாசை புதன்கிழமை. கோகிலன் வேலைக்கு லீவு போட்டுவிட்டு வருவான் என்று அவள் எதிர்பார்க்கவில்லை. வந்தவன் நேரே பக்கத்து வீட்டுக்குப் போய்ச் சத்தியசீலனிடம் வெகுநேரம் பேசினான். திரும்பி வந்து அடுப்படி வாசலில் நின்றான்.

"ஏம்மா எங்ககிட்ட சொல்லல?"

"சொல்லிருந்தா உங்க அத்தை என்ன சொல்லிருப்பாங்க? ஒரு வாய் சாப்பிட்டுச் சாகட்டும்னா சொல்லுவாங்க? இல்ல சாப்பிடாமப் பொழைக்கட்டும்னா? எனக்கே தெரியலப்பா அன்னைக்கு."

அவன் அடுப்படிக்குள் வந்தான். பிறகு ஒரு தட்டை எடுத்தான். "போடுங்கம்மா. நான் வைக்கிறேன்."

அவள் சோறும் பருப்பும் வாழைக்காயும் போட்டுப் பிசைந்தாள். ஐயாவு போன அன்று சுட்டது போலவே ஒரு தோசை சுட்டிருந்தாள். அதையும் பிய்த்து மேலே வைத்தாள். கோகிலன் வாசலுக்குப் போகும்போது பின்னாலிருந்து சொன்னாள்:

"கூப்பிடாத. வச்சிட்டு உள்ள வந்துரு. கதவச் சாத்திரு."

"கூப்பிடாம எப்படிம்மா வரும்?"

"வந்தா வரட்டும். வரலன்னா போகட்டும்."

அவன் வைத்துவிட்டு வந்து கதவைச் சாத்தினான். ஜன்னல் திரையை ஒரு விரல் அகலம் விலக்கிக்கொண்டு நின்றான். உஷாராணி அடுப்படியை விட்டு நகரவில்லை. தன் முகம் அதன் கண்ணில் பட்டுவிடக் கூடாது. சுவரில் சாய்ந்து நின்றுகொண்டாள். தெருவெல்லாம் கா கா என்று குரல் கேட்டது. அவர்கள் வீடு மட்டும் பேசாமல் இருந்தது. பதினொன்றரை ஆனது. பன்னிரண்டு ஆனது. காலையிலிருந்து வெறும் வயிறு.

மதிலில் தட்டு நகரும் சத்தம் கேட்டது. எவர்சில்வரில் அலகு படும் சத்தம்.

"அம்மா," என்று கோகிலன் மூச்சே விடாமல் சொன்னான்.

"கழுத்து?"

"முழுக் கறுப்பு."

"காலு? இடது காலப் பாரு."

"இருங்க... திரும்பட்டும்." அவன் திரையோடு முகத்தை ஒட்டிக்கொண்டு பார்த்தான். பிறகு குரல் உடைந்து வந்தது. "நடுவிரலு கோணியிருக்கும்மா. சாப்பிடுறாரு. தோசைய எடுத்துக்கிட்டாரு."

உஷாராணி ஜன்னலுக்குப் போகவில்லை. முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு, அடுப்பின் மேலிருந்த குழம்புச் சட்டியை இறக்கி வைத்தாள்.

"அப்ப உக்காருப்பா," என்றாள். "நாம சாப்பிடலாம்."